தேன் பெட்டிகளுடன் லாரிப் பயணம்: இரண்டு மாத முகாம் தந்த பாடங்கள்

நிலம் குறைவாக உள்ள விவசாயிக்கும் ஏற்ற உபதொழில் தேனீ வளர்ப்பு. ஆனால் பெட்டிகளை ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் வைத்திருப்பவருக்கு ஓரளவு தேன்தான் கிடைக்கும். எந்த ஊரிலும் பன்னிரண்டு மாதமும் பூ இருப்பதில்லை. ஆட்டுக்காரர் புல் இருக்கும் இடம் பார்த்துக் கிடை மாற்றுவது போல, தேனீ வளர்ப்போரும் தேன் சுரக்கும் இடம் பார்த்துப் பெட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்கின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பகுதி விவசாயிகள் பலர் ஆண்டுதோறும் கேரளத்தின் ரப்பர் தோட்டங்களுக்குச் சென்று முகாமிட்டுத் தேன் எடுத்துத் திரும்புவது வழக்கம்.

இப்பகுதிக்கு இத்தொழில் புதியதல்ல. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் தேனீ வளர்ப்பையும் சிறு விவசாயிகளுக்குக் கற்றுக் கொடுத்தது. பாதிரியார் நியூட்டன் அமைத்துக் கொடுத்த சிறிய பெட்டி, அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீக்குப் பொருத்தமாக அமைந்தது. பெட்டி சிறியதாகவும் எடை குறைவாகவும் இருப்பதால் ஓரிடம் விட்டு ஓரிடம் கொண்டு செல்வதும் எளிது.

எளிது என்று எண்ணி ஏற்றிச் செல்பவர்கள்தான் நஷ்டப்படுகின்றனர். 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் குலசேகரம் பக்கத்திலிருந்து புறப்பட்ட இரு விவசாயிகளின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் 70 பெட்டி வைத்திருந்த மூத்தவர். இருபது ஆண்டுக்கு மேல் இத்தொழிலில் இருப்பவர். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி. 50 பெட்டி வைத்திருந்தவர். வெளியூர் முகாம் அவருக்கு முதல் தடவை. 120 பெட்டிகளும் ஒரே லாரியில் ஏறின. வாடகையைப் பெட்டிக் கணக்கில் பிரித்துக் கொண்டனர். அந்தப் பயணத்தில் இருவரும் தவறு செய்தனர். மூத்தவரின் தவறு வழியில் தெரிந்தது. இளையவரின் தவறு வீடு திரும்பி மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது.

இலையில் சுரக்கும் தேன்

ரப்பர் மரத்தில் தேன் பூவிலிருந்து வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இலையிலிருந்து வருகிறது. ரப்பர் இலையின் காம்பு நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் மதுச் சுரப்பிகள் உள்ளன. டிசம்பர், ஜனவரியில் மரம் இலை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கும். செம்பு நிறத்தில் இருக்கும் துளிர் இளம் பச்சைக்கு மாறும்போது இச்சுரப்பிகளில் மது ஊறுகிறது. இலை முற்றிக் கரும்பச்சை ஆனதும் சுரப்பு நின்றுவிடும்.

இதிலிருந்து விவசாயிகள் இரண்டு செய்திகளை மனதில் கொள்ள வேண்டும். முதலாவது, நாள் பார்த்துப் புறப்படக் கூடாது. துளிர் பார்த்துப் புறப்பட வேண்டும். ஒரே வட்டாரத்திலும் ரகத்துக்கு ரகம், தோட்டத்துக்குத் தோட்டம் துளிர்க்கும் காலம் முன்பின்னாக இருக்கும். ஆகவே பெட்டிகளை ஏற்றுவதற்கு முன் ஒருவர் நேரில் சென்று இடம் பார்த்து வருவது அவசியம். இரண்டாவது, ரப்பர் தேனைக் கொடுக்குமே தவிர, புழுக்களை வளர்க்கத் தேவையான மகரந்தத்தைப் போதுமான அளவு கொடுப்பதில்லை. தென்னை, கமுகு, வீட்டுத் தோட்டப் பயிர்கள் அருகில் உள்ள இடமாகப் பார்த்து முகாம் அமைத்தால்தான் கூட்டம் நலியாமல் இருக்கும்.

மூத்தவர் இந்த இரண்டையும் அறிந்தவர். பொங்கல் கழிந்ததும் பஸ் ஏறி, கோட்டயம் மாவட்டத்தில் பாலா பக்கம் ஒரு தோட்டத்தைப் பார்த்து வந்தார். தோட்டத்தின் ஒரு பக்கம் தென்னையும் கமுகும் இருந்தன. நடந்து போகும் தூரத்தில் ஓடை இருந்தது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வேறு எவரும் பெட்டி வைக்கவில்லை. இந்தியத் தேனீ பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் மேயும் என்பதால் இதை விசாரிப்பது முக்கியம். இடத்துக்கு வாடகையாக எவ்வளவு தேன் கொடுப்பது என்று தோட்டக்காரரிடம் பேசி எழுதிக் கொண்டார். இலையில் வரும் மாவுப் பூசண நோய்க்குக் கந்தகத் தூள் தூவுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டார்.

ஏற்றும்போது செய்த தவறு

தேன் பெட்டியைப் பயணத்துக்குத் தயார் செய்வது அரை நாள் வேலை. தேன் அறையில் உள்ள தேனை முதலில் எடுத்துவிட வேண்டும். தேன் நிறைந்த அடை கனமாக இருக்கும். லாரி குலுங்கும்போது அறுந்து விழும். சட்டங்கள் ஆடாமல் இருக்க இடையில் மரத்துண்டு செருக வேண்டும். அடிப்பலகை, புழு அறை, தேன் அறை மூன்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தி சாய்ந்து தேனீக்கள் அனைத்தும் உள்ளே வந்த பிறகு வாசலைக் கம்பி வலையால் மூட வேண்டும். மேல் மூடியை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் வலைச் சட்டம் பொருத்த வேண்டும்.

வலை எதற்கு என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. தேனீக்கள் புழு அறையின் வெப்பத்தைச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் அளவில் காத்து வருகின்றன. வெப்பம் கூடினால் வாசலில் நின்று சிறகடித்துக் காற்று வீசிக் குளிர்விக்கும். வாசல் அடைபட்டால் வெளியேற வழியின்றிக் கலவரப்பட்டு எல்லாத் தேனீக்களும் ஒரே நேரத்தில் சிறகடிக்கும். அதனால் உள்ளே சூடு மேலும் ஏறும். 40 டிகிரிக்கு மேல் போனால் மெழுகு அடை இளகும். அடை சரிந்து தேன் வழிந்தால் தேனீக்கள் அதில் நனைந்து சிறிது நேரத்தில் மடிந்துவிடும். மூடிய பெட்டியில் தேனீ பசியால் சாவதைவிடப் புழுக்கத்தால் சாவதுதான் அதிகம்.

இளையவர் தொழிலுக்குப் புதியவர் என்பதால் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி 50 பெட்டிக்கும் வலை பொருத்தினார். மூத்தவரிடம் வலைச் சட்டம் குறைவாக இருந்தது. கடைசி ஒன்பது பெட்டிகளில் வாசலில் துணியை அடைத்தார்; மேல் மூடியை அப்படியே வைத்துக் கட்டினார். அந்த ஒன்பதிலும் தேனையும் எடுக்கவில்லை. "ராத்திரிப் பயணம்தானே மாப்பிள்ளை, விடியும் முன்னே இறக்கிவிடுவோம்" என்றார். பல ஆண்டுகளாக அப்படித்தான் போய் வந்திருக்கிறார், ஒன்றும் நேர்ந்ததில்லை.

லாரியில் பெட்டிகளை அடுக்கும்போது சட்டங்கள் லாரி ஓடும் திசைக்கு இணையாக இருக்கும்படி வைத்தனர். பிரேக் போடும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க இதுவே சரியான முறை. வரிசைகளுக்கு இடையே காற்றுப் போக இடைவெளி விட்டு, குறுக்கே கழி கொடுத்துக் கட்டினர். இரவு எட்டு மணிக்கு லாரி புறப்பட்டது.

பலா மரத்தடியில் ஒரு காலை

களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் கடந்து, எம்.சி. ரோட்டில் லாரி சென்றது. வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி விசாரணை. கொட்டாரக்கரையைத் தாண்டிய பிறகு பின் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று நிற்கவில்லை. பஞ்சர் கடை திறக்க விடிய வேண்டும் என்றார் டிரைவர்.

ஏழு மணிக்கு வெயில் லாரியின் மேல் விழத் தொடங்கியது. பெட்டிகளின் இரைச்சல் கூடியது. அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த ஓசையின் பொருள் தெரியும். வாசலைத் திறந்துவிடலாமா என்று இளையவர் கேட்டார். மூத்தவர் கூடாது என்று தடுத்தார். பகலில் வழியோரத்தில் திறந்தால் வெளியே பறந்த தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பாமல் போய்விடும். சாலையில் போவோரையும் கொட்டும். இது சரியான முடிவு. பெட்டியை நிழலுக்குக் கொண்டுபோய் வலையின் மேல் தண்ணீர் தெளிப்பதுதான் அப்போது செய்யத் தக்கது.

எதிரே ஒரு வீட்டு முற்றத்தில் பெரிய பலா மரம் நின்றது. தேனீ என்றதும் அந்த வீட்டார் முதலில் தயங்கினர். வாசல்கள் அனைத்தும் மூடியிருப்பதைக் காட்டியதும் அந்த வீட்டு அம்மாள் கிணற்றடியில் இருந்த குடத்தையும் எடுத்துக் கொடுத்தார். மூவரும் சேர்ந்து 120 பெட்டிகளையும் இறக்கி மரத்தடியில் வைத்தனர். சாக்கை நனைத்து மேலே போர்த்தினர். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தனர்.

ஒன்பது பெட்டிகளை இறக்கும்போதே அடியில் தேன் சொட்டியது. உள்ளே இரைச்சல் இல்லை. திறந்து பார்த்தபோது அடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, தேனீக்கள் அனைத்தும் தேனில் ஊறி இறந்து கிடந்தன. வலை போட்ட 111 பெட்டிகளில் ஒன்றுகூடச் சேதமாகவில்லை. மூத்தவர் அந்த ஒன்பதையும் தனியே எடுத்துச் சென்று தண்ணீர் விட்டுக் கழுவினார். தேன் வழியும் பெட்டியை மற்றப் பெட்டிகளுடன் சேர்த்து வைத்தால், முகாமில் திறந்துவிட்டதும் மற்றக் கூட்டங்கள் கொள்ளையடிக்க வந்து சண்டையில் மடியும். அன்று அவர் அதிகம் பேசவில்லை.

ஒன்பது மணிக்கு டயர் சரியானது. மாலை வரை நிழலில் காத்திருந்து புறப்படுவதா, உடனே புறப்படுவதா என்று யோசித்து, உடனே புறப்பட்டனர். நின்ற லாரியைவிட ஓடும் லாரியில் காற்றோட்டம் அதிகம். நனைத்த சாக்குகளைப் போர்த்தி, வழியில் எங்கும் நிறுத்தாமல் நண்பகலுக்குப் பிறகு தோட்டத்தை அடைந்தனர்.

ரப்பர் தோட்டத்தில் நிழல் எங்கே?

தோட்டம் என்றால் நிழல் இருக்கும் என்று இளையவர் எண்ணியிருந்தார். ஜனவரிக் கடைசியில் ரப்பர் தோட்டத்தில் நிழல் இராது. இலை உதிர்ந்து சின்னத் துளிர் மட்டும் உள்ள மரத்தின் கீழே வெயில் நேராக விழும். ஆகவே பெட்டிகளின் மேல் போடத் தென்னங்கீற்றை முடைந்து எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது அங்கே வாங்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அன்று பக்கத்துத் தென்னந்தோப்பில் கீற்று வாங்கிப் போடும்வரை நனைத்த சாக்குதான் காப்பாற்றியது.

பெட்டிகளை இறக்கி வைத்து, லாரியை அனுப்பிவிட்டு, அந்தி நேரத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக வாசல்களைத் திறந்தனர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் தேனீக்கள் குழம்பிப் பக்கத்துப் பெட்டிகளில் புகுந்துவிடும். வாசல்களைப் பல திசைகளைப் பார்க்கும்படி வைத்தால் ஒவ்வொரு கூட்டமும் தன் பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளும். பால் வெட்டும் தொழிலாளர் விடியும் முன்னே தலையில் விளக்குடன் வருவர்; தேனீக்கள் இருட்டில் விளக்கை நோக்கிப் பறக்கும். ஆகவே அவர்கள் நடக்கும் தடத்தைப் பார்த்து எந்த வாசலும் இருக்கக் கூடாது. முகாமிட்ட முதல் நாளே அவர்களிடம் பேசி, எந்தப் பக்கம் பெட்டி இருக்கிறது என்று காட்டிவிடுவது நல்லது. இவர்கள் அப்படிச் செய்ததால் இரண்டு மாதத்தில் ஒரு தகராறும் வரவில்லை.

பெட்டியின் கால்களுக்கு எறும்புக் கிண்ணம் வைத்துத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே இரவில் எறும்பு ஒரு கூட்டத்தையே விரட்டிவிடும். குடிப்பதற்குத் தண்ணீர் அருகில் இல்லாவிட்டால் அகன்ற தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைக்க வேண்டும். கூடாரத்தில் இரவு விளக்கைப் பெட்டிகளின் பக்கம் தெரியாதபடி தொங்கவிட வேண்டும்.

நெருப்பு

முகாமின் இரண்டாம் வாரத்தில் நடந்தது இது. இளையவர் ஒரு பெட்டியைச் சோதிக்கும்போது புகைப்பானைத் தரையில் வைத்தார். தரை முழுவதும் உதிர்ந்த ரப்பர் இலை. காய்ந்து சருகாகிக் கிடந்தது. புகைப்பானின் வாயிலிருந்து விழுந்த ஒரு பொறி பற்றிக்கொண்டது. அருகில் நனைத்த சாக்கு இருந்ததால் இரண்டு முழம் அகலத்தில் தீ அணைந்தது. சாக்கு இல்லாதிருந்தால் பெட்டிகளோடு தோட்டமும் போயிருக்கும். பிறர் தோட்டத்தில் முகாமிடுபவருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறு இல்லை.

அன்று மாலையே பெட்டி வரிசைகளைச் சுற்றியும் சமையல் அடுப்பைச் சுற்றியும் மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகைப் பெருக்கி எடுத்தனர். புகைப்பானை வைக்க ஒரு தகர வாளி ஏற்பாடு செய்தனர். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று மூத்தவர் ஒப்புக்கொண்டார். தோட்டக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் அவரே போய்ச் சொன்னார். பெருக்கிய இடத்தைத் தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, இருக்கச் சொன்னார்.

தேன் எப்போது முதிர்கிறது?

பிப்ரவரியில் சுரப்பு நன்றாக இருந்தது. மூத்தவர் ஒரு பெட்டியைத் தினமும் மாலையில் தராசில் தூக்கி நிறுத்து, எடையை நோட்டில் குறித்து வந்தார். எடை நாளுக்கு நாள் கூடினால் சுரப்பு இருக்கிறது. கூடுவது நின்றால் சுரப்பு முடிகிறது. எடை குறைந்தால் தேனீக்கள் சேமிப்பைத் தின்னத் தொடங்கிவிட்டன. செலவில்லாத இந்த முறையை எல்லாத் தேனீ வளர்ப்போரும் கையாளலாம்.

நல்ல சுரப்பில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு தடவை தேன் எடுக்கலாம். ஆனால் அடையில் முக்கால் பங்கு அறைகளையாவது தேனீக்கள் மெழுகால் மூடிய பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் அதிகம். நீர் 20 சதவீதத்துக்கு மேல் போனால் தேன் புளித்து நுரைக்கும் அபாயம் உண்டு. ரப்பர் தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம் என்பதால் அதில் இந்தக் கவனம் இரு மடங்கு தேவை.

இங்கேதான் இளையவரின் தவறு தொடங்கியது. மகளின் கல்லூரிச் செலவுக்காக ஊரில் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். மார்ச் முதல் வாரத்துக்குள் குறிப்பிட்ட எடை தேன் கொடுப்பதாகப் பேச்சு. நாள் நெருங்கியதும், பாதிதான் மூடியிருந்த அடைகளையும் பிழிந்தார். "இன்னும் நாலு நாள் பொறு" என்று மூத்தவர் சொன்னார். "வாக்குக் கொடுத்துவிட்டேன் அத்தான்" என்றார் இளையவர். தேன் கேன்களில் போனது. இரண்டு வாரத்தில் மூன்று கேன்களில் நுரை கட்டியது. வியாபாரி அந்த மூன்றுக்கும் விலையைக் குறைத்துவிட்டார். முன்பணம் முழுதும் தீரவில்லை.

முன்பணம் வாங்குவது தவறென்று சொல்ல முடியாது. சிறு விவசாயிக்குச் சில சமயம் வேறு வழி இருப்பதில்லை. ஆனால் தேன் கொடுக்கும் நாளை வியாபாரியின் வசதிக்குக் குறிக்கக் கூடாது. பருவம் முடிந்த பிறகு, ஏப்ரலில் கொடுப்பதாகப் பேசிக்கொள்வதே பாதுகாப்பு. ரப்பர் தேன் விரைவில் உறையும் என்பதையும் வாங்குபவரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். உறைந்த தேனைச் சர்க்கரை கலந்தது என்று எண்ணி விலை குறைப்பவர் உண்டு. உறைந்த தேனைப் பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்து இளக்கலாம். நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது.

கடைசித் தேன் யாருக்கு?

மார்ச் மூன்றாம் வாரத்தில் தராசு எடை கூடுவது நின்றது. இலைகள் கரும்பச்சை ஆகிவிட்டன. மூத்தவர் அத்துடன் நிறுத்தினார். தேன் அறையில் எஞ்சியிருந்ததைக் கூட்டங்களுக்கே விட்டுவிட்டார். நல்ல கூட்டம் ஒன்றுக்குச் சுமார் பத்து கிலோ வரை அதற்குள் எடுத்திருந்தார். சில பெட்டிகளில் அதற்கு மேலும் கிடைத்திருந்தது.

இளையவர் இன்னும் ஒரு தடவை எடுத்தார். தேன் அறையில் இருந்ததைப் பிழிந்ததோடு, புழு அறையின் ஓரச் சட்டங்களில் இருந்த தேனையும் எடுத்தார். முன்பணம் தீர்ந்தது. கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பும்போது, பெட்டி சேதமின்றி, அதிகத் தேனோடு ஊர் வந்தவர் அவர்தான் என்று உறவினர்கள் பாராட்டினர்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. விடாத மழையில் தேனீக்கள் வெளியே பறக்க முடியாது. பறந்தாலும் பூவில் மது இராது. அந்த நாட்களுக்காகத்தான் தேனீ தேனைச் சேர்த்து வைக்கிறது. சேமிப்பு இல்லாத கூட்டம் முதலில் முட்டையிடுவதைக் குறைக்கும். பிறகு பெட்டியை விட்டு ஓடிவிடும். வலுவிழந்த பெட்டியில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடைகளை நூலாம்படையாக்கும். இளையவர் நிலைமையை உணர்ந்து சர்க்கரைப் பாகு வைக்கத் தொடங்கியபோது ஜூலை பாதி ஆகிவிட்டது. ஆகஸ்டில் எண்ணியபோது 50 பெட்டிகளில் 23இல்தான் கூட்டம் இருந்தது. மூத்தவரின் 61 கூட்டங்களில் 54 மழையைத் தாண்டின.

கடைசித் தடவை எடுத்த தேனின் விலையையும், ஓடிப்போன 27 கூட்டங்களின் விலையையும் இளையவர் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். தேன் விலை, இழந்த கூட்டங்களின் விலையில் பாதிகூட இல்லை. தேன் என்பது வட்டி, கூட்டம்தான் முதல். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலில் கை வைக்கக் கூடாது என்பதே இந்தப் பயணத்தின் பெரிய பாடம்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியவை

மழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு பெட்டியையும் சோதித்து, சேமிப்பு குறைந்த கூட்டங்களுக்குச் சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்து, கூட்டத்துக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்ற கணக்கில் கொடுக்கலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலும் சிந்தினாலும் கொள்ளை ஏற்படும். தேனீக்கள் மூடாத காலி அடைகளை எடுத்துவிட வேண்டும். மிகவும் நலிந்த கூட்டங்களைத் தனித்தனியே காப்பாற்ற முயல்வதைவிட, இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிடுவது மேல். இடையில் ஊசியால் துளையிட்ட செய்தித்தாளை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், தாளைக் கடித்துக்கொண்டு சண்டையின்றிக் கலந்துவிடும். சேர்க்கும் முன் ஒரு ராணியை எடுத்துவிட வேண்டும்.

நோயுற்ற கூட்டத்தை எக்காரணம் கொண்டும் லாரியில் ஏற்றக் கூடாது. 1991-92இல் தாய் சாக்புரூட் எனும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்ததை மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அறையில் புழு நிமிர்ந்த நிலையில் இறந்து, தூக்கினால் நீர் நிறைந்த பை போல் வருவது இந்நோயின் அடையாளம். இதற்கு மருந்து இல்லை. நோய்க் கூட்டத்தை முகாமுக்குக் கொண்டு செல்பவர் தம் பெட்டிகளை மட்டுமின்றி அந்த வட்டாரம் முழுவதையும் கெடுக்கிறார்.

லாரி ஏறும் முன்

1. துளிர், மகரந்தம், தண்ணீர், பக்கத்து முகாம் ஆகியவற்றை நேரில் பார்த்து இடத்தை முடிவு செய்தல்.

2. இட வாடகை, மருந்து தூவும் நாள் இரண்டையும் தோட்டக்காரரிடம் பேசி எழுதிக்கொள்ளுதல்.

3. தேன் அறையைக் காலி செய்து, சட்டங்களை ஆடாமல் இறுக்குதல்.

4. விதிவிலக்கின்றி எல்லாப் பெட்டிக்கும் வாசலிலும் மேலேயும் கம்பி வலை பொருத்துதல். வலை குறைந்தால் பெட்டியைக் குறைத்து ஏற்றுதல்.

5. லாரியின் டயர்களையும் மாற்று டயரையும் புறப்படும் முன் நேரில் பார்த்தல்.

6. இரண்டு குடம் தண்ணீர், பத்து சாக்கு, தென்னங்கீற்று, எறும்புக் கிண்ணம், புகைப்பான் வைக்கத் தகர வாளி ஆகியவற்றை எடுத்துச் செல்லுதல்.

7. முகாமில் முதல் நாளே மூன்று மீட்டர் அகலம் சருகைப் பெருக்குதல்.

8. அருகிலுள்ள மருத்துவமனையை விசாரித்து வைத்தல். கொட்டு வாங்கியவருக்கு உடல் முழுதும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே கொண்டு செல்லுதல்.

9. தராசு எடை கூடுவது நின்றதும் தேன் எடுப்பதை நிறுத்துதல். புழு அறையில் உள்ள தேனை ஒருபோதும் எடுக்காதிருத்தல்.

இவ்வளவும் செய்தால் வெளியூர் முகாம் நிச்சயம் பலன் தரும். புதிதாகத் தொடங்குவோர் முதல் ஆண்டிலேயே ஐம்பது பெட்டியுடன் வெளியூர் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் பயிற்சி பெற்று, ஐந்து பெட்டியைச் சொந்த ஊரில் ஒரு மழைக்காலம் காப்பாற்றிப் பழகிய பிறகு, அனுபவம் உள்ள ஒருவருடன் சேர்ந்து செல்வது நல்லது.

அந்த இருவரும் தொழிலை விட்டுவிடவில்லை. அக்டோபர், நவம்பரில் மூத்தவர் தம் வலுவான கூட்டங்களைப் பிரித்தார். பிரித்ததில் பத்துக் கூட்டங்களை மைத்துனருக்குக் கொடுத்தார். விலை பேசவில்லை, அடுத்த பருவத்தில் கூட்டமாகவே திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். இளையவர் அதற்கு ஈடாகத் தச்சரை வைத்துப் புதிய வலைச் சட்டங்கள் செய்து அத்தானுக்குக் கொடுத்தார். 2023 ஜனவரிக் கடைசியில் அவர்களுடைய லாரி மீண்டும் பாலாவுக்குப் புறப்பட்டது. வலை இல்லாத பெட்டி அதில் ஒன்றுகூட இல்லை. கொட்டாரக்கரைக்கு அப்பால் அந்தப் பலா மரத்து வீட்டில் இரண்டு பாட்டில் தேனைக் கொடுத்துவரத் திரும்பும் வழியில் நிறுத்தவும் தவறவில்லை.